எல்லையோரப் பக்கங்களில் தெளியாமல் நிற்கும் எழுத்துகள்

பாறசாலையைத் தாண்டிக் களியக்காவிளைக்கு வரும் நெடுஞ்சாலையில், கடைப் பலகைகளை மட்டும் வைத்துக் கேரளம் எங்கே முடிந்தது என்று சொல்லிவிட முடியாது. மலையாளத்துக்குக் கீழே தமிழ் இருக்கும். தமிழுக்குப் பக்கத்தில் மலையாளம் ஒட்டிக்கொண்டிருக்கும். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தென் திருவிதாங்கூர் வட்டங்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தோடு நின்றது. கோடு விழுந்தாலும் பெண் எடுப்பதும் கொடுப்பதும், சந்தைக்குப் போவதும், திருவிழாவுக்கு வருவதும் பழையபடியே நடக்கின்றன. பாலராமபுரத்தில் கைத்தறி நெய்யும் சாலியர் குடும்பங்கள் தமிழகத்திலிருந்து போய்க் குடியேறியவை. ஆகையால் இந்தப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கோ துணிக்கடைக்கோ கோயில் திருவிழாவுக்கோ வெப்சைட் செய்கிறவர், ஒரே செய்தியை மலையாளத்திலும் தமிழிலும் எழுத வேண்டியவராகிறார். ஆங்கிலம் மூன்றாவதாக வந்து சேரும்.

இத்தகைய பக்கங்கள் பெரும்பாலும் விலைக்கு வாங்கிய டெம்ப்ளேட்டில் உருவாகின்றன. டெம்ப்ளேட் எதுவானாலும் அதில் ஓர் அலங்காரம் நிச்சயம்: பக்கத்தை நகர்த்த நகர்த்தப் படமும் எழுத்தும் மங்கலிலிருந்து மெல்லத் தெளிந்து வரும். ஃபேட்-இன் என்கிறார்கள். செய்து கொடுத்தவரின் லேப்டாப்பில் அது அழகாக ஓடும். இரண்டு நாள் கழித்து மண்டபத்துக்காரர் போனில் அழைப்பார்: "மக்களே, என் போனிலெ ஒண்ணும் காணல்லியே, வெள்ளையாட்டுல்லா இருக்கு!"

இந்த ஒரு புகாருக்குள் பத்துப் பதினைந்து வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றைப் பற்றிய குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவை பெரும்பாலும் 'ஏன் தெளியவில்லை' என்ற கேள்வியிலிருந்து தொடங்குகின்றன. ஃபேட்-இன் என்பது இரண்டு வேலை. முதலில் ஒரு பொருளை மறைக்க வேண்டும், பிறகு காட்ட வேண்டும். இன்றைய வழக்கத்தில் மறைப்பது சிஎஸ்எஸ், காட்டுவது ஜாவாஸ்கிரிப்ட். இரண்டும் தனித்தனிக் கோப்புகள், தனித்தனி நேரத்தில் வந்து சேர்பவை. முதல் வேலை முடிந்து இரண்டாம் வேலை நடக்காமல் போவதுதான் முக்கால்வாசிப் புகார்களின் சாரம். எனவே 'மறைத்தது யார்' என்று முதலில் கேட்பதே குறுக்கு வழி என்பது என் எண்ணம்.

பழைய காலத்தில் இந்தப் பிரிவு இவ்வளவு கூர்மையாக இல்லை. 2005ல் வந்த ஸ்கிரிப்டகுலஸ் என்ற நூலகத்தில் 'அப்பியர்' என்றொரு விளைவு இருந்தது. 2006 ஆகஸ்டில் ஜான் ரெசிக்கின் ஜேக்வெரி முதல் பதிப்பு வந்தபோது, ஃபேட்-இன் ஒற்றை வரி வேலையாயிற்று. அங்கே ஜாவாஸ்கிரிப்டே நொடிக்குப் பலமுறை ஒபாசிட்டி எனப்படும் ஒளிபுகாத் தன்மையின் எண்ணைக் கூட்டிக் கூட்டி எழுதும். 2007ல் வெப்கிட் குழு சிஎஸ்எஸ் டிரான்சிஷனைக் கொண்டுவந்த பிறகுதான், 'தொடக்கநிலை இது, முடிவுநிலை இது, நடுவில் உள்ளதைப் பிரவுசரே பார்த்துக்கொள்ளும்' என்ற முறை வந்தது. அனிமேஷன் வழுக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தது அதனால்தான். மறைப்பவரும் காட்டுபவரும் வேறு வேறு ஆனதும் அதனால்தான்.

மறைத்துவிட்டு வராமல் போகிறவர்

ஸ்டைல் கோப்பில் ஒபாசிட்டி 0 என்று எழுதியாயிற்று. அதை 1 ஆக்க வேண்டிய ஜாவாஸ்கிரிப்ட் வரவில்லை. பக்கத்தில் எழுத்து இருக்கிறது, இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது, தொட்டால் லிங்க் கூட வேலை செய்கிறது. கண்ணுக்கு மட்டும் தெரியாது. புகார் செய்கிறவர் 'வெள்ளையாக இருக்கிறது' என்று சொன்னாலே இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்டை யார் அணைத்து வைக்கிறார்கள் என்று கேட்கலாம். பிரிட்டிஷ் அரசின் இணையச் சேவைக் குழு 2013ல் இதை அளந்து பார்த்தது. வந்தவர்களில் 1.1 சதவீதம் பேருக்கு ஜாவாஸ்கிரிப்ட் போய்ச் சேரவில்லை. அதில் வேண்டுமென்றே அணைத்தவர்களும் ஆதரவில்லாத பிரவுசர் வைத்திருந்தவர்களும் 0.2 சதவீதம்தான். மீதி 0.9 சதவீதம் பேரிடம் எல்லாம் சரியாக இருந்தும் கோப்பு ஓடவில்லை. நெட்வொர்க் நடுவில் அறுந்திருக்கலாம், நிறுவனத்தின் தடுப்புச் சுவர் நிறுத்தியிருக்கலாம். நம் எல்லைக் கிராமங்களில் இதற்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. தொலைத்தொடர்பில் கேரளம் ஒரு வட்டம், தமிழ்நாடு வேறு வட்டம். இஞ்சிவிளையில் நிற்கும் போன் எந்தப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடிக்கும் என்பது அது நிற்கும் திண்ணையைப் பொறுத்தது. பிடி மாறும் அந்த நொடியில் ஒரு கோப்பு மட்டும் விழுந்துபோனால், பக்கத்தின் கதை முடிந்தது.

நெட்வொர்க்கைப் பழிப்பதற்கு முன்னால் வீட்டுக்குள்ளேயே பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. டெம்ப்ளேட்டுகளில் எல்லா வேலையையும் ஒரே ஜாவாஸ்கிரிப்ட் கோப்பில் அடைத்திருப்பார்கள்: மேலே படச் சுழற்சி, நடுவே மெனு, கடைசியில் ஃபேட்-இன். முகப்பில் படச் சுழற்சி இருக்கும், 'தொடர்புகொள்ள' பக்கத்தில் இருக்காது. அங்கே இல்லாத பொருளைத் தேடிய கோட் 'நல்' என்ற வெறுமையைப் பெற்று, அதன்மேல் கை வைத்து, எரரோடு நின்றுவிடும். கீழே உள்ள ஃபேட்-இன் வரிகளுக்கு முறையே வராது. ஃபேட்-இன் கோட்டில் ஒரு தப்பும் இருக்காது. அதையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு விடை கிடைக்காது. கன்சோலைத் திறந்தால் சிவப்பு வரி ஒரே கணத்தில் காட்டிக்கொடுக்கும். போனில் மட்டும் வரும் கோளாறு என்றால், போனை யூஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்து, குரோமின் இன்ஸ்பெக்ட் வசதியால் அந்தப் போனின் கன்சோலையே பார்க்கலாம். இதைச் செய்யாமல் ஊகத்தில் கோட்டை மாற்றிக்கொண்டே போகிறவர்கள்தான் அதிகம்.

மருந்து எளிது. மறைக்கும் வேலையையும் ஜாவாஸ்கிரிப்டின் பொறுப்பிலேயே விட வேண்டும். பக்கத்தின் தலைப்பகுதியில் ஒற்றை வரி ஸ்கிரிப்ட், வேர் உறுப்பின் மீது ஒரு கிளாஸை ஒட்டும். அந்தக் கிளாஸ் இருந்தால் மட்டுமே சிஎஸ்எஸ் மறைக்கும். ஸ்கிரிப்ட் ஓடவே இல்லையென்றால் மறைப்பும் நடக்காது. இதிலும் ஒரு ஓட்டை உண்டு: தலைப்பகுதி வரி ஓடி, பெரிய கோப்பு வராமல் போனால் பழைய வெள்ளைதான். அதற்காகச் சிலர் மூன்று நொடிக்குப் பிறகு அந்தக் கிளாஸைக் கழற்றிவிடும் டைமர் வைக்கிறார்கள். அது அழகற்றதாக எனக்கும் தோன்றுகிறது, ஆனால் வேலை செய்கிறது. சிஎஸ்எஸ் கீஃபிரேமிலேயே ஃபேட்-இன்னை எழுதி, அதில் 'ஃப்ரம்' நிலையை மட்டும் கொடுத்து, முடிவை இயல்புநிலைக்கே விட்டுவிடுவது இன்னும் சுத்தமானது. அங்கே ஜாவாஸ்கிரிப்டே தேவையில்லை. பக்கம் திறந்ததும் தெளிய வேண்டிய தலைப்புக்கு இதுவே போதும்.

பிரிண்ட் விஷயத்தை யாரும் நினைப்பதில்லை. எல்லைக்கு அந்தப்புறம் கேரளத்தில் 2002ல் தொடங்கிய அக்ஷயா மையங்கள், இந்தப்புறம் தமிழகத்தில் இ-சேவை மையங்கள். இரண்டிலும் ஜனங்கள் வந்து 'இந்தப் பக்கத்தை ஒரு பிரிண்ட் எடுத்துத் தாருங்கள்' என்று கேட்பது அன்றாடம். நகர்த்தினால்தான் தெளியும் என்று வைத்த பக்கத்தை, நகர்த்தாமலே பிரிண்ட் கொடுத்தால் முதல் திரை அளவுக்கு மட்டும் எழுத்து வந்து, கீழெல்லாம் வெறும் தாள் வரும். அச்சுக்கென்று தனி மீடியா விதி எழுதி, அங்கே ஒபாசிட்டி 1 என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது.

பிரவுசர் பார்க்காத தொடக்கம்

இனி, மறைந்தது வந்துவிடுகிறது, ஆனால் மெல்ல வராமல் டக்கென்று வந்து நிற்கிறது என்ற புகார். இங்கே ஜாவாஸ்கிரிப்ட் ஓடியிருக்கிறது. சிக்கல் வேறிடத்தில்.

பிரவுசர் ஒவ்வொரு வரியாகப் படித்து ஒவ்வொரு முறையும் திரையை வரைவதில்லை. ஸ்கிரிப்ட் முழுதும் ஓடி முடிந்தபின் கடைசி நிலையை மட்டும் எடுத்துக்கொள்ளும். புதிதாக ஒரு டிவ் உருவாக்கி, பக்கத்தில் சேர்த்து, அடுத்த வரியிலேயே 'தெரி' என்ற கிளாஸையும் ஒட்டினால், மங்கலாக இருந்த நிலையைப் பிரவுசர் கண்டதே இல்லை. புறப்பட்ட இடம் தெரியாதபோது பயணம் எங்கிருந்து? டிஸ்ப்ளே நன் என்று மறைத்திருந்த பொருளை டிஸ்ப்ளே பிளாக் ஆக்கி, கூடவே ஒபாசிட்டியை 1 ஆக்கினாலும் இதே கதைதான்.

நெடுங்காலமாக இதற்கு மூன்று கைவைத்தியங்கள் புழங்கின. நடுவில் ஆஃப்செட்ஹைட் போன்ற ஓர் அளவைக் கேட்டால், பதில் சொல்வதற்காகவாவது பிரவுசர் அந்த நிலையைக் கணக்கிட்டாக வேண்டும். அதனால் தொடக்கம் பதிவாகிவிடும். ரிக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேமை ஒன்றுக்குள் ஒன்றாக இருமுறை அழைப்பது இரண்டாவது. செட்டைம்அவுட் 0 மூன்றாவது. அது சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது. சில நேரம் மட்டும் வேலை செய்யும் மருந்து, வேலையே செய்யாத மருந்தைவிட மோசம், ஏனென்றால் சோதனையில் தேறிவிடும். இப்போது சிஎஸ்எஸ்ஸிலேயே ஸ்டார்ட்டிங்-ஸ்டைல் என்ற விதி வந்திருக்கிறது. பொருள் முதன்முதல் திரைக்கு வரும்போது எந்த நிலையிலிருந்து புறப்பட வேண்டும் என்று நேராகச் சொல்லிவிடலாம். குரோம் 117ல் 2023ல் வந்தது, சஃபாரி 17.5, ஃபயர்ஃபாக்ஸ் 129 ஆகியவற்றில் 2024ல் சேர்ந்தது. பழைய பிரவுசருக்கு இந்த விதி புரியாவிட்டாலும் நஷ்டமில்லை. பொருள் டக்கென்று தெரியும், அவ்வளவுதான்.

தானே எண்ணைக் கூட்டி எழுதும் பழைய பாணிக் கோட் இன்னமும் கண்ணில் படுகிறது. அதில் இரண்டு பொறிகள். ஸ்டைலிலிருந்து எடுக்கும் ஒபாசிட்டி எண் போலத் தெரிந்தாலும் அது எழுத்துச் சரம். '0.1' என்ற சரத்தோடு 0.1ஐக் கூட்டினால் 0.2 வராது, '0.10.1' என்று ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒரு மதிப்பு இல்லாததால் பிரவுசர் அதைத் தள்ளிவிடும், பொருள் முதல் படியிலேயே உறைந்து நிற்கும். எண்ணாகவே மாற்றிக்கொண்டாலும், 0.1ஐப் பத்து முறை கூட்டினால் கணினிக்குக் கிடைப்பது 1 அன்று, 0.9999999999999999. 'சரியாக 1 ஆனதும் டைமரை நிறுத்து' என்று எழுதியவரின் டைமர் நிற்கவே நிற்காது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல், அது பாட்டுக்கு பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கும்.

ஜேக்வெரிப் பக்கங்களில் வருபவை வேறு ரகம். அதன் ஃபேட்-இன், டிஸ்ப்ளே நன் என்று மறைத்ததை மட்டுமே 'மறைந்தது' என்று மதிக்கும். ஒபாசிட்டி 0 என்றோ விசிபிலிட்டி ஹிடன் என்றோ சிஎஸ்எஸ்ஸில் மறைத்துவிட்டு அதை அழைத்தால், 'இதுதான் ஏற்கெனவே தெரிகிறதே' என்று சும்மா திரும்பிவிடும். எரரும் காட்டாது. இன்னொன்று, 2016ல் ஜேக்வெரி 3 வந்தபோது கூடவே வந்த 'ஸ்லிம்' பதிப்பு. அதில் அனிமேஷன் பகுதியை வெட்டி எறிந்திருக்கிறார்கள். பூட்ஸ்டிராப் 4 தன் தொடக்க மாதிரிப் பக்கத்தில் இந்த ஸ்லிம்மைத்தான் வைத்திருந்தது. அதை அப்படியே ஒட்டியவர்களுக்கு, 'ஃபேட்-இன் ஒரு ஃபங்ஷனே அல்ல' என்று கன்சோல் சொன்னதைக் கண்டு தலை சுற்றியது. ஸ்லிம்முக்குப் பதில் முழுப் பதிப்பை வைத்தால் போதும்.

எட்டாத எல்லைக்கோடு

நகர்த்தும்போது தெளிய வைப்பதற்கு இன்று எல்லோரும் பயன்படுத்துவது இன்டர்செக்ஷன் அப்சர்வர். ஒரு பொருள் திரைக்குள் எத்தனை பங்கு வந்தது என்று கவனித்துச் சொல்லும் காவலாளி அது. 2016ல் குரோமுக்கு வந்தது. சஃபாரிக்கு வர 2019 ஆயிற்று. முன்பு ஸ்க்ரோல் நிகழ்வு ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த கோட்டுக்கு இது பெரிய விடுதலை.

இரண்டு மொழிப் பக்கங்களில் மட்டும் தலைகாட்டும் கோளாறு ஒன்று இங்கேதான் இருக்கிறது. 'பாதி தெரிந்ததும் தெளிய வை' என்று திரெஷோல்டை 0.5 ஆக வைப்பது வழக்கம். பாதி என்பது திரையில் பாதியா, பொருளில் பாதியா? பொருளில் பாதி. போன் திரையின் உயரம் 700 பிக்சல் என்று கொள்வோம். ஆங்கிலத்தில் மண்டபத்தைப் பற்றிய பத்தி 600 பிக்சல் உயரம். தாராளமாகப் பாதி தெரியும். அதே பத்தி தமிழிலோ மலையாளத்திலோ நீண்ட சொற்களாலும் கூடுதல் வரி இடைவெளியாலும் 1,600 பிக்சலுக்கு வளர்ந்துவிட்டால், திரை முழுதும் அதுவே நிறைந்திருந்தாலும் 44 சதவீதத்துக்கு மேல் ஒருபோதும் தெரியாது. 0.5ஐ அது எட்டாது. பத்தி ஆயுள் முழுதும் மறைந்தே கிடக்கும். லேப்டாப்பின் அகலத் திரையில் பத்தி குட்டையாகிவிடுவதால் செய்தவருக்கு இது தெரியவே தெரியாது. 'ஆங்கிலத்தில் வருகிறது, தமிழில் வரவில்லை' என்று கேட்டவுடன் பலர் ஃபான்ட்டைத் தேடிப் போகிறார்கள். திரெஷோல்டை 0 ஆக்கி, எவ்வளவு உள்ளே வந்தபின் தெளிய வேண்டும் என்பதை ரூட்மார்ஜினில் பிக்சலாகவோ திரையின் சதவீதமாகவோ சொல்வதே முறை.

இதே காவலாளி, கவனிக்கத் தொடங்கியதும் ஒருமுறை எல்லாப் பொருள்களைப் பற்றியும் தகவல் சொல்லும், அவை திரையில் இல்லாவிட்டாலும்கூட. 'உள்ளே வந்ததா' என்ற பண்பைப் பார்க்காமல் கிளாஸை ஒட்டினால் பக்கம் திறந்ததும் எல்லாமே தெளிந்துவிடும். நகர்த்திப் பார்ப்பவருக்கு ஃபேட்-இன் ஓடவே இல்லை என்று தோன்றும். கீழிருந்து மேலே எழும்பித் தெளிவது போலச் செய்யப் பொருளை 100 பிக்சல் கீழே தள்ளி வைப்பார்கள். காவலாளி பார்ப்பது தள்ளி வைத்த இடத்தை. எழும்பி வந்தால் உள்ளே, திரும்பத் தள்ளினால் வெளியே என்று ஓரத்தில் நின்று துடிக்கும். தள்ளாத வெளிப் பெட்டியைக் கவனித்து, உள்ளே இருப்பதை மட்டும் அசைத்தால் துடிப்பு நிற்கும்.

ஏஓஎஸ் போன்ற ஆயத்த நூலகம் வைத்திருப்பவர்களுக்குப் பக்கத்தின் கடைசிப் பொருள்தான் வழக்கமான தலைவலி. அதன் இயல்பான ஆஃப்செட் 120 பிக்சல். அடிப்பகுதியில் இருக்கும் முகவரிக்கு மேல் அவ்வளவு தூரம் நகர்த்த இடமே இல்லாவிட்டால், அது தெளியாது. முகவரியும் போன் எண்ணும் கிடக்கும் இடம் அதுதானே! படங்கள் தாமதமாக வந்து பக்கத்தின் உயரம் மாறினாலும் அதன் பழைய கணக்கு தப்பிப்போகும். படங்களுக்கு முன்கூட்டியே அகல உயரம் எழுதி வைத்தால் பாதித் தொல்லை குறையும். அனிமேட் சிஎஸ்எஸ் என்ற தொகுப்பு 2020ல் 4ஆம் பதிப்புக்கு மாறியபோது எல்லாக் கிளாஸ் பெயர்களுக்கும் முன்னொட்டு சேர்த்தது. கோப்பை மட்டும் புதுப்பித்துவிட்டுப் பெயர்களைப் பழையபடி விட்டவர்களின் பக்கங்களில் எல்லாம் ஒரே நாளில் அசைவு நின்றுபோயிற்று. இரண்டு ஸ்டைல் கோப்புகளில் ஒரே பெயரில் கீஃபிரேம் இருந்தால் பிந்தியதே செல்லும் என்பதும் இதோடு சேர்த்து நினைவில் வைக்கத்தக்கது. 'ஃபேட்இன்' என்ற பெயரை யார்தான் வைக்காமல் இருக்கிறார்கள்?

தெளிந்த பின்னும் தொல்லை விடுவதில்லை. அசைவுக்காக வைத்த டிரான்ஸ்ஃபார்ம் பொருளின் மேல் மிச்சமிருந்தால், அதற்குள் திரையோடு ஒட்டி நிற்க வேண்டிய வாட்ஸாப் பொத்தான் திரையை விட்டுவிட்டு அந்தப் பெட்டியோடு ஒட்டிக்கொள்ளும். மெனு கீழிறங்கினால் படத்துக்கு அடியில் போய் மறையும். பக்கம் மாறும்போது மங்கிப் போகும்படி வைத்தவர்களுக்கு வேறு சோதனை: பேக் பொத்தானை அழுத்தினால் பிரவுசர் பழைய பக்கத்தை அது விட்டுப்போன நிலையிலேயே, அதாவது மங்கிய நிலையிலேயே, எடுத்து வைக்கிறது. கணினிக் குரோமில் இந்த நினைவுச் சேமிப்பு 2021 இறுதியில் வந்தது. அதுவரை சரியாக ஓடிய பக்கங்கள், யாரும் தொடாமலே கெட்டுப்போனது அப்படித்தான். பேஜ்ஷோ நிகழ்வில் மங்கலைத் துடைத்துவிட வேண்டும்.

'எல்லாருக்கும் வருகிறது, எனக்கு மட்டும் அசையவில்லை' என்பவரிடம் கோட்டைத் திறப்பதற்கு முன் அவர் போனின் அமைப்பைக் கேட்பது நல்லது. அசைவைக் குறைக்கச் சொல்லும் வசதி போன்களிலும் விண்டோஸிலும் உண்டு. தலைசுற்றல் உள்ளவர்களுக்கு அது சொகுசு அல்ல, தேவை. சில ஆண்ட்ராய்டு போன்களில் பேட்டரி சேமிப்பைப் போட்டாலே அசைவுகள் அணைந்துவிடும். பக்கம் அதை மதித்து அசையாமல் காட்டினால் அது கோளாறே இல்லை. அசைவை நிறுத்திவிட்டு மறைப்பை அப்படியே விட்டிருந்தால்தான் கோளாறு.

எழுத்து எழுத்தாக

இதுவரை சொன்னவை எந்த ஊர்ப் பக்கத்துக்கும் பொருந்தும். தலைப்பை ஓர் எழுத்தாகத் தெளிய வைக்கும் பாணியில்தான் நம் மொழிகள் தனியாக மாட்டிக்கொள்கின்றன. டெம்ப்ளேட் கோட் செய்வது இவ்வளவே: சொல்லைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு ஸ்பானுக்குள் வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக ஒபாசிட்டியை உயர்த்தும். ஆங்கிலத்தில் துண்டும் எழுத்தும் ஒன்று. தமிழில் அப்படியில்லை.

'நெய்யாற்றின்கரை' என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு நெ, ய், யா, ற், றி, ன், க, ரை என்று எட்டு எழுத்து. யூனிகோடில் ந தனி, ஒற்றைக்கொம்பு தனி, ய தனி, புள்ளி தனி என்று போய்ப் பதினைந்து குறியீடு. ஜாவாஸ்கிரிப்டின் ஸ்பிளிட் பதினைந்தாகத்தான் வெட்டும். வெட்டிய துண்டுகளைத் தனித்தனிப் பெட்டியாக்கினால், கொம்பு தனக்குரிய எழுத்தைக் காணாமல் புள்ளிவட்டம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நிற்கும். காலுக்கு ஒரு புள்ளிவட்டம், புள்ளிக்கு ஒரு புள்ளிவட்டம். ஸ்பானை இன்லைனாகவே விட்டால் சில பிரவுசர்கள் துண்டுகளைத் தாண்டியும் எழுத்தைச் சேர்த்து வரையப் பார்க்கும். ஆனால் இன்லைன் பொருளுக்கு டிரான்ஸ்ஃபார்ம் வேலை செய்யாது என்பதால் டெம்ப்ளேட்டுகள் இன்லைன்-பிளாக் ஆக்கிவிடுகின்றன. அத்தோடு சேர்க்கை அறுந்தது.

மலையாளத்தில் இதே ஊர்ப் பெயர் இன்னும் சுவாரஸ்யம். ய்யா, ற்றி இரண்டும் அங்கே கூட்டெழுத்துகள்; 'ன்' என்பது சில்லு என்ற தனி எழுத்து. 2008ல் யூனிகோட் 5.1 சில்லுகளுக்குத் தனிக் குறியீடு கொடுத்தது. அதன்படி எழுதினால் பதின்மூன்று குறியீடு. அதற்கு முந்தைய வழக்கில் 'ன', சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் என்று மூன்றாக எழுதிய பழைய உரையில் பதினைந்து. இரண்டு உரைகளும் திரையில் ஒன்று போலவே தெரியும். ஃபேட்-இன் போட்டால்தான் வேறுபாடு வெளியே வரும்.

இன்டல் செக்மென்ட்டர் என்ற ஜாவாஸ்கிரிப்ட் வசதி இதற்கென்றே வந்தது. குரோமில் 2020, சஃபாரியில் 2021, ஃபயர்ஃபாக்ஸில் 2024. குறியீடுகளை எண்ணாமல், மனிதர் ஓர் எழுத்தாகக் கருதும் தொகுதிகளாக வெட்டித் தரும். தமிழ்ப் பெயரை இதனிடம் கொடுத்தால் சரியாக எட்டு வரும். மலையாளத்துக்கு ஆரம்பத்தில் இதுவும் எட்டே கொடுத்தது. ய்யாவும் ற்றியும் நடுவில் பிளந்துவிடும். 2023 செப்டம்பரில் வந்த யூனிகோட் 15.1, கூட்டெழுத்தைப் பிளக்கக் கூடாது என்றொரு விதியைச் சேர்த்தது. அதைப் பின்பற்றும் பிரவுசரில் ஆறு வரும். ஆக, ஒரே கோட், ஒரே பெயர், பிரவுசரின் வயதைப் பொறுத்து எட்டு அல்லது ஆறு. ஓர் எழுத்துக்கான நேரத்தை எழுத்து எண்ணிக்கையால் பெருக்கி அனிமேஷனின் மொத்த நேரத்தை வைத்திருந்தால் அதுவும் மாறும்.

மலையாள ஃபான்ட்டின் தேர்வும் இதில் நுழைகிறது. 1971ல் கேரள அரசு கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தம் பல கூட்டுகளைப் பிரித்து எழுதச் சொன்னது. அந்தப் பாணி ஃபான்ட்டில் வெட்டுகள் அவ்வளவாகக் கண்ணை உறுத்தாது. ரச்சனா போன்ற மரபெழுத்து ஃபான்ட்டில் உகரக் குறிகூட மெய்யோடு பின்னிக் கிடக்கும். அங்கே தவறாக வெட்டினால் வேறு சொல்லே போலத் தெரியும். தமிழில் 1978ல் வந்த சீர்திருத்தம் றா, ணை போன்ற சில வடிவங்களைத்தான் தொட்டது. கு, மு, சு இன்றும் பின்னல்தான்.

15.1ன் அந்தப் புதிய விதி மலையாளம், தெலுங்கு, தேவநாகரி, வங்காளம், குஜராத்தி, ஒடியா எழுத்துகளுக்கு மட்டும் உரியது. தமிழ் அதில் இல்லை. மெய்யின் மேல் புள்ளி வைத்துத் தனியே எழுதுவது நம் வழக்கு என்பதால் அது நியாயமே. ஆனால் க்ஷவும் ஸ்ரீயும் நடுத்தெருவில் நிற்கின்றன. செக்மென்ட்டர் ஸ்ரீயை ஸ், ரீ என்று இரண்டாக்கும். அம்மச்சிப் பிலா என்ற பலாமரம் நிற்கும் நெய்யாற்றின்கரை ஸ்ரீகிருஷ்ணசாமி கோயிலின் பெயரை எழுத்து எழுத்தாகத் தெளிய வைத்தால், முதல் எழுத்தே உடைந்த நிலையில் எழும்பும். கோயில் பெயர்கள் பெரும்பாலும் அந்த எழுத்தில்தானே தொடங்குகின்றன. செக்மென்ட்டர் தந்த பட்டியலில், ஸ் என்ற துண்டை அடுத்து ரீ வந்தாலும், க் என்ற துண்டை அடுத்து ஷ வந்தாலும் ஒட்டிவிடு என்று இரண்டு வரி சேர்ப்பதைத் தவிர இப்போதைக்கு வழியில்லை. 2005ல் சேர்க்கப்பட்ட ஶ என்ற எழுத்தை வைத்து ஶ்ரீ எழுதுகிறவர்களும் உண்டு. அதற்கும் ஒரு வரி.

இத்தனை செய்தபின்னும் இன்னொன்று மிச்சமிருக்கும். இன்லைன்-பிளாக் துண்டு ஒவ்வொன்றுக்கும் பின்னால் வரியை முறிக்கப் பிரவுசருக்கு உரிமை உண்டு. ஆங்கிலச் சொல் குட்டையாக இருப்பதால் தப்பும். நம் ஊர்ப் பெயர், சிறிய போனில் 'நெய்யாற்றி' ஒரு வரியிலும் 'ன்கரை' அடுத்த வரியிலுமாக விழும். மெய்யெழுத்தில் வரி தொடங்குவதைப் பார்த்தால் தமிழாசிரியர் யாருக்கும் ரத்தம் கொதிக்கும். ஒவ்வொரு சொல்லையும் முறியாத வெளிப் பெட்டி ஒன்றில் அடைக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், தமிழிலும் மலையாளத்திலும் சொல் சொல்லாகத் தெளிய வைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். நம் சொற்கள் நீளம். ஒவ்வொன்றும் வருவதே ஒரு காட்சிதான். பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் எழுத்துத் துண்டுகளைத் தனித்தனியாக உச்சரித்துக் குழப்புவதும் இதில் வெகுவாகக் குறையும். எழுத்தெழுத்தாகத்தான் வேண்டும் என்று மண்டபத்துக்காரர் பிடிவாதம் பிடித்தால், அசைவு முடிந்ததும் ஸ்பான்களை எடுத்துவிட்டு மூலச் சொல்லையே திரும்ப வைத்துவிட வேண்டும். அப்போது காப்பி செய்தாலும் ஃபான்ட் தாமதமாக வந்தாலும் எழுத்து குலையாது. இந்தக் கழற்றலை 'அனிமேஷன் எண்ட்' நிகழ்வை மட்டும் நம்பி எழுதக் கூடாது. அசைவை அணைத்து வைத்த போனின் அமைப்பைப் பக்கம் மதித்தால், அங்கே அனிமேஷன் தொடங்குவதே இல்லை. ஆகவே அந்த நிகழ்வும் வராது. அந்தப் போனுக்கு முதலிலேயே சொல்லை வெட்டாமல் விட்டுவிடுவதுதான் சரி.